காரைக்குடி நிரலாக்கச் சந்திப்பு: பெண்கள் அடுத்த மாதமும் வர என்ன செய்யணும்?

(இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கழனிவாசல்

வணக்கம். காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிறு, பைத்தான் நிரல்மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் சொல்லித்தருகிற முழுநாள் சந்திப்பு. 60 பேருக்கு இடம். கட்டணம் இல்லை. அழகப்பா வளாகத்துக் கல்லூரிகள், பள்ளத்தூர், தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து பெண்கள் நிறையப் பேர் பெயர் கொடுக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் எல்லாம் புதுமுகம்.

சுவரொட்டியில் "பெண்கள் அவசியம் வரவும்" என்று போட்டாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. இடம் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று கல்லூரிக் கணினி ஆய்வகம். இன்னொன்று கானாடுகாத்தானில் ஒரு பழைய பெரிய வீடு, வாடகை வேண்டாம் என்கிறார்கள். நேரம் இப்போது காலை 10 முதல் மாலை 6. எதை மாற்றணும் என்று குறிப்பாகச் சொன்னால் செய்யத் தயார்.

முகப்புத்திண்ணை

தம்பி, முதலில் அந்த 6 மணியை எடுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

6 மணிக்கு முடிகிறது என்றால் உண்மையில் 6.30. புதுப் பேருந்து நிலையம் போய்ச் சேர 7. அங்கிருந்து பள்ளத்தூருக்கோ தேவகோட்டைக்கோ போய், இறங்கின இடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிறபோது இருட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் 6 மணிக்கே இருட்டு. விடுதிப் பிள்ளைகளுக்கு வாயிற்கதவு நேரம் இருக்கிறது. அதனால்தான் மதியமே கிளம்புகிறார்கள். உங்கள் பாடம் பிடிக்காமல் போகவில்லை.

காலை 9.30க்குத் தொடங்கி 3.30க்கு முடியுங்க. மதிய இடைவேளை 40 நிமிடம் போதும். 3.30 என்று அறிவித்தால் 3.30தான், பேசுகிறவர் மத்திய அமைச்சராக இருந்தாலும் ஒலிபெருக்கியை வாங்கிடணும். ஒரு தடவை 4.15 ஆனால் வீட்டில் "சொன்னது ஒண்ணு, நடந்தது ஒண்ணு" என்று ஆகிவிடும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கேட்கவே மாட்டாள்.

அடுத்தது பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இடம் அந்த வழித்தடத்தில் இருந்தால் வந்துபோகிற செலவே இல்லை. ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் போக வர ஆட்டோவுக்குக் காசு, அதைவிடத் தெரியாத ஆட்டோவில் தனியாக ஏறணுமே என்கிற யோசனை வேறு. அழைப்பிலேயே எழுதுங்க: எந்த நிறுத்தத்தில் இறங்கணும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, எந்தப் பக்கம் திரும்பணும், வழியில் அடையாளமாக என்ன கடை இருக்கு. வரைபடச் சுட்டி மட்டும் போதாது. அந்தச் செய்தியைப் படிக்கப்போவது பிள்ளை மட்டுமில்லை, அப்பாவும்தான்.

ஆத்தங்குடி

முகப்புத்திண்ணை அக்கா சொன்னதோடு சேர்த்து: வீட்டுக்கு என்று தனியாக ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். மாணவிகள் அதை அப்படியே வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவார்கள். நேரில் விளக்கிச் சொல்லும் சுமை அவர்களுக்குக் குறையும். அதில் இருக்க வேண்டியவை: யார் நடத்துகிறார்கள், இடத்தின் முழு முகவரி, தொடங்கும் முடியும் நேரம், மதியம் என்ன சாப்பாடு, பொறுப்பில் இருக்கும் பெண் ஒருவர், ஆண் ஒருவர், இருவரின் பெயரும் அழைத்தால் எடுக்கிற எண்ணும். "ஹேக்கத்தான்" என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் போடாதீர்கள். வீட்டில் "ஹேக்" என்றாலே கணக்கைத் திருடுவது. "கணினி நிரல் எழுதும் பயிற்சி" என்று எழுதுங்கள்.

வாசலில் பெற்றோர் வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு ஒரு சுற்று காட்டிவிட்டு அனுப்புங்கள். வகுப்பு நடக்கும்போது பின்வரிசையில் அவர்களை உட்கார வைக்க வேண்டாம். பக்கத்துப் பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள். வெளியே நான்கு நாற்காலி, தண்ணீர், தேநீர் இருந்தால் போதும்.

கல்லுக்கட்டி

ஒரு கேள்வி. இவ்வளவும் செய்யணுமா? எல்லாருக்கும் ஒரே கதவுதானே திறந்திருக்கு. ஆர்வம் இருக்கிறவங்க வரட்டும். பெண்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்தால் அவர்களை வேறுபடுத்திக் காட்டுகிற மாதிரி ஆகாதா? உண்மையாகவே கேட்கிறேன்.

முகப்புத்திண்ணை

நியாயமான கேள்வி. 3.30க்கு முடிப்பதில் ஆண்களுக்கு என்ன நஷ்டம்? கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக இருந்தால் யாருக்கு நஷ்டம்? இங்கே சொல்கிறவற்றில் முக்கால்வாசி எல்லாருக்கும் ஆகிற காரியம். அது இல்லாவிட்டால் ஆணுக்குச் சின்னச் சிரமம், பெண்ணுக்கு வரவே முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆர்வம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் நடக்கிற பைகான் என்ற பைத்தான் மாநாட்டில் பேசியவர்களில் பெண்கள் 2011ல் 1 சதவீதம். 2014ல் 33, 2016ல் 40. ஐந்து வருடத்தில் பெண்களுக்கு ஆர்வம் நாற்பது மடங்கு பெருகிவிடுமா? மாநாட்டுக்காரர்கள் அழைக்கிற விதத்தை மாற்றினார்கள். பொது அறிவிப்பு போட்டுவிட்டுக் காத்திருக்காமல், "நீங்கள் செய்த இந்த வேலையைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்கள். பயண உதவி, நடத்தை விதி எல்லாம் கூடவே வந்தது.

நூறடிச்சாலை

இடம் பற்றி. கானாடுகாத்தான் வீடு பார்க்க அழகு, ஒத்துக்கொள்ளும் முன்னே ஒரு ஞாயிறு காலை போய் அரை நாள் இருந்து பாருங்க.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றின தூண் கூடத்தில், 60 பேர் உட்கார்ந்தால் எதிரொலி வரும். சுவர் வழுவழுவென்ற சுண்ணாம்புப் பூச்சு, தரை ஆத்தங்குடிக் கல் என்கிற வழுவழுப்பான சிமெண்ட் ஓடு, தூண் வேறு. சத்தத்தை உறிஞ்ச எதுவும் இல்லை. இதில் கனத்த குரல் எப்படியோ கேட்கும், மெல்லிய குரலில் கேட்கிற கேள்வி கரைந்துபோகும். இரண்டு தடவை "என்ன, கேட்கலை" என்று சொன்னால் மூன்றாம் தடவை அந்தப் பெண் கேட்க மாட்டார். ஜமுக்காளமும் கோரைப்பாயும் தரை முழுக்க விரிங்க, சுவரோரம் கனமான திரை இரண்டு தொங்கவிடுங்க. பெரிய ஒலிபெருக்கி ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு, ஆட்கள் காதுக்குக் கிட்டத்தில், சத்தம் குறைவாக. கேள்வி கேட்பதற்கென்றே கையில் பிடிக்கிற கம்பியில்லா மைக் இரண்டு சுற்றில் இருக்கணும்.

முற்றத்தில் உச்சிவெயில் இறங்கும், 11 முதல் 2 வரை திரையில் எழுத்து தெரியாது. படுதா கட்டணும், இல்லையென்றால் திரையை வீட்டின் உள்பக்கத்து இரண்டாங்கட்டை நோக்கித் திருப்பணும்.

மின்சாரம்: பழைய வீட்டில் பிளக் பாயிண்ட் தூணுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். 65 வாட் சார்ஜர் 15 என்றால் 975 வாட், 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் சொச்சம். ஒரு 6 ஆம்பியர் பாயிண்டில் அதற்கு மேல் ஏற்றாதீங்க. அதிலேயே தண்ணீர் கொதிக்கிற கெட்டிலைச் சொருகினால் ஃபியூஸ் போயிடும். எக்ஸ்டென்ஷன் வயரை நடைபாதைக்குக் குறுக்கே விடக்கூடாது. விட்டே ஆகணும் என்றால் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்க. சேலைத் தலைப்பு, துப்பட்டா, சுடிதார் கால் எல்லாம் மாட்டும். சீக்கிரம் வருகிறவர்கள் பிளக் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வார்கள், 9.40 பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குப் பின்னால் மூலைதான் கிடைக்கும். மேசைக்கு மேசை பிளக் கொடுத்து, மேசை எண்ணை அடையாள அட்டையிலேயே எழுதிடுங்க. யார் எங்கே உட்காரணும் என்கிற தயக்கமும் போகும்.

இன்னொன்று, பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சம்மதம் மட்டும் வாங்கிவிட்டு இறங்காதீங்க.

முகப்புத்திண்ணை

வீட்டைப் பார்க்கப் போகிறபோது முகப்பையும் வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பிடாதீங்க. பின்கட்டைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் வரை நடங்க. கழிப்பறை அங்கேதான் இருக்கும். கூட ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்க, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்க்கட்டும்.

தாழ்ப்பாள் விழுகிறதா? மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி, கொண்டி துளையில் சேராது. மாட்டுகிற கொக்கி இருக்கா? கைப்பையை ஈரத்தரையில் வைக்க முடியாது. விளக்கு எரிகிறதா? ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கா, வெளியே யாராவது நிற்கிற இடமா? குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கா? மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கா? அது இல்லாத இடத்தில் மாதவிடாய் நாளில் இருக்கிற பெண் மதியத்துக்கு மேல் தங்க மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

25 பெண்கள் வருகிற சந்திப்புக்கு இரண்டு கழிப்பறை தனியாக வேணும். நாப்கின் இரண்டு அளவில் மொத்தம் 15, பழைய செய்தித்தாள் கிழித்தது ஒரு கட்டு, காகிதப் பைகள், சோப்பு, ஒரு பாக்கெட் ஊக்கு. எல்லாம் ஒரு டப்பாவில் கழிப்பறைக்குள்ளேயே அலமாரியில் இருக்கணும். வரவேற்பு மேசையில் வைத்து "வேணும்னா கேளுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். 11.30க்கும் 2க்கும் ஒருவர் போய்ப் பார்த்து நிரப்பணும். சுத்தம் செய்கிற அம்மாவுக்கு அன்றைக்கு முழுநாள் கூலி பேசுங்க, காலை அரை மணி நேரத்தோடு அனுப்பிவிடாதீங்க.

தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கவனித்தால் தெரியும், அந்த இடத்தின் கழிப்பறை எப்படி என்று.

கவுனி அரிசி

என் வாக்கு ஆய்வகத்துக்கு. நகரப் பேருந்து, காவலாளி, கழிப்பறை, ஏற்கெனவே கணினி. அந்த வீட்டை வருடத்துக்கு ஒரு தடவை சிறப்பு நிகழ்ச்சிக்கு வைத்துக்கோங்க.

ஆத்தங்குடி

ஆய்வகம் என்றால் மடிக்கணினிப் பிரச்சினையும் தீரும். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதற்கு அது பெரிய காரணம். வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி, அது அண்ணன் கையில். அல்லது கணினி இருக்கும், நிர்வாகிக் கடவுச்சொல் வேறொருவரிடம். "மடிக்கணினி கட்டாயம்" என்று போட்ட அன்றைக்கே பாதிப் பெண்களை நிறுத்திவிட்டீர்கள். "இல்லாவிட்டாலும் வரலாம், 20 கணினி இங்கே உண்டு" என்று எழுதுங்கள்.

நூறடிச்சாலை

லினக்ஸ் நாளுக்கு இதைச் செய்யுங்க. 16 ஜிபி பென்டிரைவ் 10, யூஎஸ்பி 3 வகை. ஒவ்வொன்றிலும் நிறுவாமலே ஓடுகிற லினக்ஸ். நிறுவித்தான் ஆகணும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க. பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க வைக்கிற துவக்கப் பட்டியலுக்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். ஒரு தாளில் எழுதி ஒட்டிடுங்க.

ரொம்ப முக்கியம்: விண்டோஸ் கணினியில் செக்யூர் பூட் என்கிற துவக்கப் பாதுகாப்பு அமைப்பை மாற்றினால், சிலதில் வட்டைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும். 48 இலக்கம். அது யாருடைய கணக்கில் இருக்கோ அவர் வந்தால்தான் திறக்கும். கணினி அண்ணனுடையது, அவர் வெளிநாட்டில் என்றால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன சொல்லும்? அடுத்த மாதம் யார் அனுப்புவார்கள்? சொந்தக் கணினி இல்லையென்றால் அமைப்பைத் தொடவே வேண்டாம், ஆய்வகக் கணினியில் பழகட்டும்.

பைத்தானுக்கு வேண்டிய கூடுதல் நிரல் தொகுப்புகளை முன்கூட்டியே பிப் டவுன்லோட் கட்டளையால் இறக்கி வைங்க, 40 பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் இணையம் படுத்துவிடும். அந்தக் கோப்புகளில் பல பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் கட்டுப்பட்டவை. 3.12க்கு இறக்கினது 3.10ல் ஏறாமல் போகலாம். அதே பதிப்பின் நிறுவியையும் அதே பென்டிரைவில் போட்டுக் கொடுங்க.

முகப்புத்திண்ணை

வழிகாட்டிகளுக்கு ஒரே ஒரு விதி: கை விசைப்பலகையில் படக்கூடாது. பிழை வந்ததும் "தள்ளும்மா, நான் பார்க்கிறேன்" என்று இழுத்துக்கொள்வது பாசத்தில் செய்வதுதான், ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டது வழிகாட்டி. பிழைச் செய்தியின் கடைசி வரியை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க. எந்த வரி எண் என்று அவரே காட்டட்டும். திருத்துவதும் அவர் விரல்தான்.

இருவருக்கு ஒரு கணினி என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து ஆள் மாற்றுங்க. மணி இல்லாவிட்டால் வேகமாகத் தட்டுகிறவரிடமே நாள் முழுக்க இருக்கும், மற்றவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தர 2014ல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகளில் மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி. அந்தக் கணக்கு சரியான கணக்கு. 60 பேருக்கு 20 வழிகாட்டி கிடைக்காது என்றால் 30 பேரோடு நடத்துங்க. கூட்டம் பெரிசாகத் தெரியணும் என்று ஆள் சேர்க்காதீங்க.

நியூயார்க்கில் ரீகர்ஸ் சென்டர் என்ற நிரலாக்கக் கூடம் வைத்திருக்கிற விதிகளில் ஒன்று, போலி ஆச்சரியம் கூடாது என்பது. "ஐயோ, கிட் தெரியாதா?" என்று புருவம் தூக்குவதுதான் அது (கிட் என்பது நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கருவி). நம்ம பக்கம் "இது கூடத் தெரியாமலா மூணாம் வருஷம் வந்தே?" என்பார்கள். வழிகாட்டிகளிடம் முந்தின நாளே சொல்லிடுங்க.

கல்லுக்கட்டி

விசைப்பலகை விதி பிடித்திருக்கு, அதை எல்லாருக்கும் வைக்கலாம். தனியாகப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துவது பற்றி என்ன நினைக்கிறீங்க?

தேன்குழல்

இரண்டும் வேணும் என்பேன். லினக்ஸ்சிக்ஸ் தொண்ணூறுகளின் கடைசியிலேயே பெண்களுக்கான லினக்ஸ் குழுவாகத் தொடங்கியது. மரியாதையாகப் பேசு, உதவியாக இரு, இரண்டே விதி. பைத்தான் எழுதும் பெண்களுக்கான பைலேடீஸ் குழு 2011ல் லாஸ் ஏஞ்சலஸில். அங்கெல்லாம் முதல் கேள்வியைப் பயமில்லாமல் கேட்டுப் பழகி, அப்புறம் பொதுக் கூட்டத்தில் போய்ப் பேசினார்கள். தனி வகுப்போடு நின்றுவிட்டால்தான் சிக்கல்: முக்கியமான முடிவெல்லாம் பொதுக் குழுவில் நடக்கும், இவர்கள் வேறு அறையில் இருப்பார்கள்.

முதல் முறை வருகிறவர்களுக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேர முன்வகுப்பு வைங்க, மறுநாள் ஞாயிறு பொதுச் சந்திப்பு. சனிக்கிழமை பழகின இரண்டு முகம் ஞாயிறு அன்று கண்ணில் படும். தனியாக உள்ளே நுழைவதுதானே எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

ஆத்தங்குடி

இதைப் படிக்கிற ஆண் அமைப்பாளர்களுக்கு: பெண் தன்னார்வலர்களைப் பன்னீர் தெளிக்கவும், வரவேற்பு மேசையில் உட்காரவும், குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தி நீட்டவும் மட்டும் வைக்காதீர்கள். வேலைப் பட்டியலைப் போடும்போதே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று எழுதுங்கள். இணைய ரவுட்டரில் ஒரு பெண், தேநீர்த் தட்டில் ஓர் ஆண். உள்ளே வருகிற முதல் வருட மாணவி ரவுட்டர் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்ப்பதற்கு ஈடாக எந்த உரையும் இல்லை.

பேச அழைக்கும்போது "தொழில்நுட்பத்தில் பெண்கள்" என்ற தலைப்பைக் கொடுக்காதீர்கள். தரவுத்தளம் தெரிந்தவரைத் தரவுத்தளம் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள். 45 நிமிடம் என்றால் தயங்குவார்கள்; 15 நிமிடம், ஒரே ஒரு செய்முறை என்று கேளுங்கள். ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் முழுதாக ஒத்திகை. பயணச் செலவு உண்டா இல்லையா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

நூறடிச்சாலை

சட்டையில் மாட்டுகிற மைக் வைத்திருந்தால் ஒன்று கவனிங்க. அதன் பெட்டியை இடுப்புப் பட்டையிலோ பாக்கெட்டிலோ சொருகணும், கிளிப்பைக் காலரில் மாட்டணும். சுடிதாருக்கு மூன்றும் இல்லை. சேலையில் தலைப்பு உரசி கரகர என்று கேட்கும். மேடையில் ஏறினபிறகு எங்கே மாட்டுவது என்று தேடுவதும், ஓர் ஆண் வந்து மாட்டிவிட முயல்வதும் ரொம்பச் சங்கடம். கழுத்துநாடாவில் பெட்டியைக் கோத்துக் கொடுங்க, இல்லை கையில் பிடிக்கிற மைக்கோடு ஒரு ஸ்டாண்ட். ஸ்டாண்டின் உயரத்தை அவர் ஏறும் முன்னே இறக்கி வைங்க.

தேன்குழல்

கேள்வி நேரம் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வந்தது. 10 நாடுகளில் கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்துச் செய்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டால் அதற்குப் பிறகு பெண்கள் கேட்பது குறைகிறது என்று கண்டார்கள். நடத்துகிறவர் கையில்தான் இது இருக்கு. உரை முடிந்ததும் உடனே கேள்விக்குப் போகாமல், "பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் பேசுங்க" என்று விட்டுவிட்டு, அப்புறம் பின்வரிசையிலிருந்து தொடங்குங்க. துண்டுச் சீட்டில் எழுதியும் வாங்கலாம். கேள்வி இல்லாமல் சொற்பொழிவு தொடங்குகிறவரிடம் "உங்க கேள்வி என்னங்க?" என்று மரியாதையாக நிறுத்திவிடணும்.

அடுத்து கைபேசி எண்கள். நிறையப் பெண்கள் திரும்ப வராததற்கு நிகழ்ச்சியைவிட நிகழ்ச்சிக்குப் பிறகான இரவு காரணம். எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்ததும் 60 பேர் எண்ணும் 60 பேருக்குத் தெரிந்துவிடும். 10 மணிக்கு "ஹாய், இன்னைக்கு நீங்க கேட்ட டவுட்..." என்று தனிச் செய்தி வரும். அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார். குழு வேண்டாம். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்துங்க. டெலிகிராம் என்றால் எண்ணை மறைக்கிற அமைப்பை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்க. பதிவுப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், எந்த ஊரிலிருந்து, சாப்பாடு, முதல் முறையா, அவ்வளவு போதும். பிறந்த தேதி, முகவரி, அப்பா பெயர் எதற்கு? எண் வாங்கினால் எதற்கு என்று அதன் கீழேயே எழுதுங்க, நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரத்தில் அழித்துவிடுங்க. 2023ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வாங்காதே என்றுதான் சொல்கிறது.

அடையாள அட்டையில் பெயர் மட்டும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு கல்லூரியும் துறையும் சேர்ந்தால் யார் வேண்டுமானாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

படம்: கழுத்துநாடா இரண்டு நிறம். பச்சை என்றால் படம் எடுக்கலாம், சிவப்பு என்றால் வேண்டாம். எந்த நிறம் என்று அவரவர் எடுத்துக்கொள்ளட்டும், காரணம் கேட்காதீங்க. சிவப்பு நாடாக்காரர்கள் சேர்ந்து உட்கார ஒரு வரிசை ஒதுக்கி, அந்தப் பக்கம் கேமரா திரும்பாமல் பார்த்துக்கோங்க.

கல்லுக்கட்டி

நடத்தை விதி என்று ஒரு பக்கம் ஒட்டுகிறார்களே, நம்ம ஊரில் அது தேவையா? எல்லாரும் தெரிந்தவர்கள்தானே.

தேன்குழல்

தெரிந்தவர்கள் என்பதால்தான் தேவை. தெரியாத ஆள் தொந்தரவு செய்தால் வெளியே போ என்று சொல்லிடலாம். அமைப்பாளரின் சிநேகிதர், பேராசிரியருக்கு வேண்டியவர் என்றால் யாரிடம் சொல்வது? "விட்டுடும்மா, நல்ல பையன்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

விதியை விடப் புகார் வழி முக்கியம். இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், இருவர் முகமும் காலை அறிமுகத்தில் எல்லாரும் பார்க்கணும். இருவரும் ஒரே குடும்பமோ ஒரே அலுவலகமோ கூடாது. தனி சிம் போட்ட ஒரு கைபேசி. புகார் வந்தால் தனி இடத்தில் உட்கார வைத்து, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தேதி, நேரம், இடத்தோடு எழுதி, வாசித்துக் காட்டுங்க. "உங்களுக்கு இப்போ என்ன வேணும்?" என்று கேளுங்க. இடம் மாறி உட்கார்ந்தாலே போதும் என்பார் ஒருவர், அந்த ஆள் வெளியேறணும் என்பார் இன்னொருவர். இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்துச் சமாதானம் பேசாதீங்க. அப்பாவுக்குப் போன் போடாதீங்க. வயது 18க்கு மேல் என்றால் அது அவர் எடுக்கிற முடிவு. எச்சரிக்கை, அன்றைக்கு வெளியேற்றம், இனி அனுமதி இல்லை, இந்த மூன்றில் எது என்று அன்றைக்கே முடிவெடுத்துப் புகார் சொன்னவருக்குத் தெரிவியுங்க.

கல்லூரி வளாகத்தில் நடந்தது என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போகலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி அந்தக் குழு இருந்தே ஆகணும். புகாரை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கணும். வேலை இடம் சம்பந்தப்பட்டது என்றால் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம்: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் உள் குழு, சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. வேண்டாம் என்று சொன்ன பிறகும் செய்தி அனுப்பித் துரத்துவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவில் குற்றம். இணையத் தொந்தரவுக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181. இந்த இரண்டு எண்ணையும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்க. அங்கேதான் நிதானமாகக் குறித்துக்கொள்ள முடியும்.

கவுனி அரிசி

கைக்குழந்தையோடு வருகிறவர்களை மறந்துடாதீங்க. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுத் திரும்ப நிரல் எழுத ஆசைப்படுகிறவர்கள் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் நிறைய. பக்கத்து அறையில் பாய், மின்விசிறி, தாழ்ப்பாள், ஒரு தூளிக் கொக்கி. "குழந்தையோடு வரலாம்" என்று அழைப்பில் ஒரு வரி. குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுங்க.

11 மணிக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் ஆளுக்கு நாலு. காலை 7 மணிக்கே சாப்பிடாமல் பஸ் ஏறியிருப்பார்கள். பெண்களைப் பரிமாற விடாதீங்க, அவர்களும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

தேதி குறிக்கிறபோது முகூர்த்த நாளைத் தவிர்த்திடுங்க. கொப்புடையம்மன் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார் நோன்பு, செமஸ்டர் தேர்வு இவற்றையும். வீட்டில் விசேஷம் என்றால் ஆண் பிள்ளை நழுவி வந்துவிடுவான், பெண் பிள்ளை வர முடியாது.

கழனிவாசல்

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கோம்: கல்லூரி ஆய்வகம். 30 பேர், 10 வழிகாட்டி. சனிக்கிழமை 10 முதல் 12 முன்வகுப்பு. ஞாயிறு 9.30 முதல் 3.30. இரண்டு பேர் கொண்ட புகார்க் குழு. அறிவிப்புக்குக் கம்யூனிட்டி. வேலைப் பட்டியல் ஓர் ஆண், ஒரு பெண் என்று. எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் இரண்டாம், மூன்றாம் தடவை வந்தார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் பெயரில்லாமல் எண்ணிக்கை மட்டும் எழுதப்போறோம். கடைசியில் 3.15 முதல் 3.30 வரை சான்றிதழ், குழுப்படம்.

நூறடிச்சாலை

அந்தச் சனிக்கிழமை மாதாந்திர மின்தடை இருக்கா என்று மின்வாரிய அறிவிப்பைப் பாருங்க. ஆய்வகத்துக்கு யூபிஎஸ் இருக்கும், மோட்டாருக்கு இருக்காது. காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் மேல்தொட்டி மதியத்துக்குள் காலி, கழிப்பறையில் தண்ணீர் வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொட்டியை நிரப்பச் சொல்லிடுங்க, இரண்டு பெரிய வாளியிலும் பிடித்து வைங்க.

முகப்புத்திண்ணை

சான்றிதழைக் கடைசியில் வைக்காதீங்க தம்பி. 30 பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கை குலுக்கி, படம் எடுத்து முடிக்க 15 நிமிடம் போதாது. பள்ளத்தூர் பிள்ளைகள் சான்றிதழுக்காக நின்று பஸ்ஸை விட்டுடுவார்கள். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் கொடுத்து முடிச்சிடுங்க. 3.25க்கு விளக்கை அணைத்துக் கதவைத் திறந்து வைங்க.